குறைந்த விலை விமான டிக்கெட்... கடைசி ஸ்கிரீனில் காசு ஏறுவது எப்படி? உத்திரமேரூரிலிருந்து பறப்பவர்கள் கவனிக்க!

உத்திரமேரூரில் ரயில் நிலையம்கூட கிடையாது. ஆனாலும் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானங்களில் இந்த ஊர்க்காரர்களுக்கு இடம் உண்டு. ஐடி வேலைக்காக பெங்களூரு, ஹைதராபாத் போன பிள்ளைகள், கம்பெனி டிரெயினிங்குக்காக புனே, டெல்லி அனுப்பப்படும் ஒரகடம் தொழிற்சாலை ஊழியர்கள், ஷார்ஜாவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்ப்பவர்கள் என்று பட்டியல் நீளும். இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூரில் புது விமான நிலையம் வரப்போவதாக 2022-ல் அறிவித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் அதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அது தனிக் கதை. விமான நிலையம் எங்கே இருந்தாலும் டிக்கெட் எடுப்பது போனில்தான். காசு கரைவதும் அந்த போனில்தான்.

'சென்னை டு ஹைதராபாத் சீப் ஃபிளைட்' என்று கூகுளில் தட்டிப் பாருங்கள். மேலே வரும் முதல் சில லிங்க்குகளின் ஓரத்தில் 'ஸ்பான்சர்டு' என்று சின்னதாக எழுதியிருக்கும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய இடம். விமானத்தை ஓட்டும் இண்டிகோவோ ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோ பல நேரம் அங்கே இருக்காது. இடையில் நின்று டிக்கெட் விற்கும் இணையதளங்கள்தான் இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இது எந்தக் குறிப்பிட்ட தளத்தின் விலையும் இல்லை, உதாரணம் மட்டுமே. முதல் ஸ்கிரீனில் ரூ.3,900 என்று காட்டுகிறது. பெயர், வயது எல்லாம் நிரப்பியாயிற்று. அடுத்த ஸ்கிரீனில் டிராவல் இன்ஷூரன்ஸ் ரூ.249. அதற்கடுத்து 'கேன்சல் செய்தால் முழுப் பணமும் திரும்ப' என்றொரு திட்டம், ரூ.450. ஜன்னலோர சீட்டுக்கு ரூ.300. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் கன்வீனியன்ஸ் ஃபீ ரூ.400. ஆக மொத்தம் ரூ.5,299. இன்னும் 4 நிமிடத்தில் இந்த விலை போய்விடும் என்று பக்கத்தில் ஒரு கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவு நேரம் டைப் செய்துவிட்டு யார் திரும்பிப் போவார்கள்? அந்த அலுப்பை நம்பித்தான் ஸ்கிரீன்களை அந்த வரிசையில் வைக்கிறார்கள்.

இதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறதா?

இருக்கிறது. 'டார்க் பேட்டர்ன்' என்று சொல்லப்படும் இந்த மாதிரி வடிவமைப்புத் தந்திரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. மொத்தம் 13 வகைகளை அது பட்டியலிடுகிறது. விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது 'டிரிப் பிரைசிங்'. கேட்காததைக் கூடையில் போடுவது 'பாஸ்கெட் ஸ்னீக்கிங்'. பொய்யான அவசரம் காட்டுவது 'ஃபால்ஸ் அர்ஜென்சி'. வேண்டாம் என்று சொல்பவரைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்குவது 'கன்ஃபர்ம் ஷேமிங்'. மேலே சொன்ன உதாரணத்தில் டிரிப் பிரைசிங் அப்பட்டமாக இருக்கிறது. அந்தக் கடிகாரம் பொய் என்றால் ஃபால்ஸ் அர்ஜென்சியும் உண்டு. இன்ஷூரன்ஸுக்கு அவர்களே டிக் போட்டு வைத்திருந்தால் பாஸ்கெட் ஸ்னீக்கிங்கும் சேர்ந்துவிடும்.

இடைத்தரகர் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். கூடுதல் சேவையை வேண்டாம் என்று சொல்பவர்கள் 'இல்லை, நான் ரிஸ்க் எடுக்கிறேன்' என்ற பொருளில் உள்ள பட்டனை அழுத்தும்படி இண்டிகோவின் சொந்தத் தளத்திலேயே இருந்தது. ஆணையம் தலையிட்ட பிறகு அந்த வாசகம் மாறியது.

இடையில் இருப்பவருக்கு எதில் லாபம்?

பட்ஜெட் விமான நிறுவனங்கள் பலவும் இடைத்தரகரைத் தவிர்க்கத்தான் பார்த்தன. 2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கியபோது ஏஜென்ட் கமிஷனைக் குறைத்து, இணையத்தில் நேரடியாக விற்பது அவருடைய கணக்கில் முக்கியமான பகுதி. 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்கு அவர் கதை ஓரளவு தெரியும். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் பல பத்தாண்டுகள் தன் டிக்கெட்டை எக்ஸ்பீடியா போன்ற தளங்களில் விற்கவே இல்லை. 2025-ல்தான் எக்ஸ்பீடியாவுக்குள் வந்தது.

இப்படிப்பட்ட நிறுவனங்களிடம் கமிஷன் அதிகம் கிடைக்காது. அதனால் இடையில் இருப்பவர் பயணியிடமிருந்துதான் சம்பாதிக்க வேண்டும். கன்வீனியன்ஸ் ஃபீ, இன்ஷூரன்ஸ், சீட், சாப்பாடு, 'ஃப்ரீ கேன்சலேஷன்' எல்லாம் இப்படித்தான் வருகின்றன. டிக்கெட்டின் அடிப்படை விலை பெரும்பாலும் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். சாதாரண வகுப்புக்கு அதன் மேல் 5% ஜிஎஸ்டி. ஆனால், கன்வீனியன்ஸ் ஃபீக்கு 18% ஜிஎஸ்டி என்பது பலர் கண்ணில் படுவதில்லை.

வெளிநாட்டுத் தளம் என்றால் இன்னொரு ஓட்டையும் உண்டு. விலையை ரூபாயில் காட்டிவிட்டு டாலரிலோ யூரோவிலோ வசூலிப்பார்கள். பல கார்டுகளில் வங்கி அதற்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை தனியாகப் பிடிக்கும். இது பில்லில் தெரியாது. மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட்டில்தான் தெரியும்.

அப்படியானால் நேரடியாக எடுப்பதுதான் எப்போதும் மலிவா?

இல்லை. விமான நிறுவனத்தின் தளத்திலும் கன்வீனியன்ஸ் ஃபீ உண்டு. மேக்மைட்ரிப், கிளியர்ட்ரிப் மாதிரி பெரிய தளங்கள் குறிப்பிட்ட வங்கிக் கார்டுக்குத் தரும் தள்ளுபடியில் சில நாள்களில் நேரடி விலையைவிட ரூ.500, ரூ.1,000 குறைவாகவே கிடைக்கும். அந்தத் தள்ளுபடி நிஜம். ஆனால், முதல் ஸ்கிரீன் விலையோடு முதல் ஸ்கிரீன் விலையை ஒப்பிடாமல், யுபிஐ பின் போடுவதற்கு முந்தைய ஸ்கிரீனின் தொகையை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். லக்கேஜையும் பார்க்க வேண்டும். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2024-ல் செக்-இன் பேக் இல்லாத 'லைட்' கட்டணத்தைக் கொண்டுவந்தது. கைப்பையோடு போகிறவருக்கு அது நல்ல டீல். அம்மா கட்டிக்கொடுத்த அரிசி மூட்டையும் ஊறுகாய் டப்பாவும் எடுத்துப் போகிறவர் அதை எடுத்தால் கவுன்ட்டரில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நாலு பேர் குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒரு டிக்கெட்டுக்கு மட்டும் தேடிப் பாருங்கள். விமானத்தில் சீட்டுகள் பல விலைக் கட்டுகளாகப் பிரிந்திருக்கும். மலிவான கட்டில் மூன்றே சீட் மிச்சம் இருந்து, நீங்கள் நான்கு கேட்டால், பல சிஸ்டம்கள் நான்கையுமே அடுத்த விலையில் காட்டும். மூன்றும் ஒன்றுமாகப் பிரித்து எடுத்தால் மிச்சம். 'இன்காக்னிட்டோவில் தேடினால் விலை குறையும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் டிப்ஸை விட இது எவ்வளவோ மேல்.

ரூ.400-ஐ விடப் பெரிய நஷ்டம்

இதுவரை சொன்னதெல்லாம் சில நூறு ரூபாய் விவகாரம். விமானம் ரத்தாகும்போதும் நேரம் மாறும்போதும்தான் உண்மையான சிக்கல்.

காலை 6 மணி விமானம் என்றால் உத்திரமேரூரிலிருந்து இரவு 2 மணிக்கே கார் பிடித்தாக வேண்டும். செங்கல்பட்டு போய் மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கலாம் என்றால் அந்த நேரத்துக்கு வண்டி இருக்காது. விமானம் மதியத்துக்கு மாறிவிட்டது என்று முந்தைய நாளே நிறுவனம் மெசேஜ் அனுப்பியிருக்கும். ஆனால் அது யார் போனுக்குப் போனது?

சில இடைத்தரகர்களும் ஏஜென்ட்களும் விமான நிறுவனத்திடம் பதிவு செய்யும்போது பயணியின் எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் மின்னஞ்சலையும் மொபைல் எண்ணையும் கொடுத்துவிடுகிறார்கள். விளைவு, நேர மாற்றமும் ரத்து அறிவிப்பும் பயணிக்கு வராது. ஓடிபி தேவைப்படும் இடங்களில் டிக்கெட்டை மாற்றவும் முடியாது.

இது வெறும் அசௌகரியம் இல்லை. விமானத்தை ரத்து செய்துவிட்டு உரிய காலத்தில் சொல்லாமல் விட்டால், பயண நேரத்தைப் பொறுத்து ரூ.5,000, ரூ.7,500, ரூ.10,000 என்று உச்சவரம்பு வைத்து இழப்பீடு தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-வின் விதி. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது. பதிவின்போது சரியான தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு கிடையாது. வேறொருவர் தன் எண்ணைப் போட்டுவிட்டதால் உங்கள் இழப்பீடு கைவிட்டுப் போகலாம்!

ஐரோப்பாவில் ரயன்ஏர் நிறுவனம் இதை ஒரு சண்டையாகவே நடத்தியது. தன் அனுமதியில்லாமல் டிக்கெட் விற்கும் இணையதளங்களைக் 'கொள்ளையர்கள்' என்றே அது அழைத்தது. அவர்கள் பயணியின் தொடர்பு விவரத்தையும் பணம் கட்டிய விவரத்தையும் தவறாகக் கொடுப்பதால் ரீஃபண்ட் போய்ச் சேரவில்லை என்பது அதன் புகார்களில் ஒன்று. புக்கிங் ஹோல்டிங்ஸ் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்காவில் அது தொடுத்த வழக்கில் 2024 ஜூலையில் ஜூரி ரயன்ஏர் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரியில் நீதிபதி அதை ரத்து செய்தார். அதற்குள் பல தளங்கள் ரயன்ஏருடன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ரயன்ஏரும் தன் லாபத்துக்காகத்தான் சண்டை போட்டது என்பதில் சந்தேகமில்லை.

லாக்டவுன் பணம் எங்கே போனது?

நம் நாட்டில் இதன் விலை என்ன என்பதை கொரோனா காட்டியது. 2020 மார்ச்சில் லாக்டவுன் வந்ததும் விமானங்கள் நின்றன. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவது பற்றிய வழக்கில் 2020 அக்டோபர் 1-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கு நிறுவனம் திருப்பித் தரும் பணத்தை ஏஜென்ட் உடனே பயணியிடம் சேர்க்க வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி.

ஆனால், உடனே சேரவில்லை. யாத்ரா தளத்தில் மட்டும் 2021-ல் 36,276 புக்கிங்குகளுக்கான சுமார் ரூ.26.25 கோடி பாக்கி இருந்ததாக நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதிவு செய்தது. ஆணையம் துரத்தத் துரத்தத் தொகை குறைந்தது. 2024 ஜூனில் ஆணையம் உத்தரவிட்டபோதும் 4,837 புக்கிங்குகளுக்கான சுமார் ரூ.2.52 கோடி பாக்கி. விமானம் ரத்தாகி நான்கு வருடம் கழித்து! அந்த 4,837 பேரையும் போனில் அழைத்துச் சொல்ல, தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் ஐந்து இருக்கைகளைத் தனியாக ஒதுக்க வேண்டும் என்றது அந்த உத்தரவு. மேக்மைட்ரிப், ஈஸ்மைட்ரிப், கிளியர்ட்ரிப், இக்ஸிகோ ஆகியவை முழுத் தொகையையும் கொடுத்துவிட்டதாக ஆணையமே சொன்னது. இடைத்தரகர் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

டிஜிசிஏ-வின் 2016 விதிப்படி, ஏஜென்ட் அல்லது போர்ட்டல் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கும் ரீஃபண்ட் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான். ஆனால், கால அளவைப் பாருங்கள். கிரெடிட் கார்டில் நேரடியாக எடுத்தால் 7 நாள். ஏஜென்ட் வழி என்றால் 30 வேலை நாள் என்று அந்த 2016 விதியில் இருந்தது. அதாவது, ஒன்றரை மாதம்.

அதே விதியில் அதிகம் பேர் பயன்படுத்தாத சில வரிகள் உண்டு. கேன்சலேஷன் கட்டணம் எந்தக் காரணத்தைக் கொண்டும் அடிப்படைக் கட்டணம் பிளஸ் எரிபொருள் கட்டணத்தைத் தாண்டக் கூடாது. ரீஃபண்ட் செய்வதற்கென்று விமான நிறுவனம் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், விமானத்தைத் தவறவிட்டாலும் வரியும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். கேட்டால்தான் வரும். டிக்கெட் எடுத்த 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றி மாற்றவோ ரத்து செய்யவோ வழியும் அந்த 2016 விதியில் இருந்தது. பயணத்துக்கு 7 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனையாக இருந்தது. இந்த அவகாசத்தை 48 மணி நேரமாக்கும் வரைவை டிஜிசிஏ 2025 நவம்பரில் வெளியிட்டது.

இனிஷியல் பிரச்சினை

தமிழ்ப் பெயர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. நமக்கு இனிஷியல் உண்டு, சர்நேம் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு ஒற்றைப் பெயர் மட்டுமே இருக்கும். இணையதளமோ சர்நேம் கட்டத்தை நிரப்பாமல் நகராது. அவசரத்தில் ஊர்ப் பெயரையோ இனிஷியலையோ போட்டுவிடுகிறார்கள். உள்நாட்டுப் பயணத்தில் எப்படியாவது சமாளித்துவிடலாம். வளைகுடாவுக்கு அது நடக்காது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு விசிட், டூரிஸ்ட் விசாவில் அனுமதி இல்லை என்றது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தியது.

பெயரில் தவறு இருந்தால் 24 மணி நேரத்துக்குள் சொன்னால் கட்டணமில்லாமல் திருத்த வேண்டும் என்கிறது டிஜிசிஏ விதி. 2025 நவம்பர் வரைவு, இந்தச் சலுகையை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் எடுத்த டிக்கெட்டோடு சேர்த்துப் பேசுகிறது. இடைத்தரகரிடம் எடுத்திருந்தால் 'ஏஜென்ட்டிடம் கேளுங்கள்' என்று நிறுவனமும், 'ஏர்லைனிடம் கேளுங்கள்' என்று ஏஜென்ட்டும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே 24 மணி நேரம் ஓடிவிடும்.

இந்த அலைச்சலில் இன்னொரு குழி இருக்கிறது. கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடுவது. போலி எண்கள் அங்கே வரிசையாகக் காத்திருக்கின்றன. 'ரீஃபண்ட் போட ஒரு ஆப் டவுன்லோடு பண்ணுங்க சார்' என்று சொன்னால் போனை வைத்துவிட வேண்டும். எனிடெஸ்க் மாதிரி ஸ்கிரீனைப் பகிரும் ஆப்கள் மூலம் நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930. கஸ்டமர் கேர் எண்ணை விமான நிறுவனத்தின் ஆப்பில் இருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

பஜாரில் இருக்கும் கடைக்காரர் என்ன ஆவார்?

பிரவுசிங் சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் டிக்கெட் போடுபவர்கள் சின்ன ஊர்களில் நிறைய. அவர்களைத் தவிர்க்கச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. ஆன்லைனில் பணம் கட்டப் பயப்படும் அப்பா அம்மாவுக்கு, ரூ.100, ரூ.200 கூலி வாங்கிக்கொண்டு டிக்கெட் போட்டுத் தருபவர் பயனுள்ளவர்தான். பிரச்சினை வந்தால் கடைக்கே போய்க் கேட்கலாம். எங்கோ இருக்கும் சாட்பாட்டிடம் அது நடக்காது.

அவரிடமும் சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். விமான நிறுவனத்தின் தளத்திலேயே போடச் சொல்லுங்கள். உங்கள் மொபைல் எண், உங்கள் மின்னஞ்சல். பாஸ்போர்ட்டில் அல்லது ஆதாரில் உள்ள எழுத்துகளைப் பார்த்தே பெயர். கூலி தனி, டிக்கெட் விலை தனி என்று எழுதிய பில். இதே உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது என்கிறது. பில் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கடையில் எடுத்தாலும் போனில் எடுத்தாலும், டிக்கெட் கைக்கு வந்ததும் பிஎன்ஆர் எண்ணையும் பெயரையும் விமான நிறுவனத்தின் ஆப்பில் போட்டுப் பாருங்கள். அங்கே உங்கள் பயணம் தெரிந்தால்தான் அது டிக்கெட். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப் மட்டும் டிக்கெட் ஆகாது. அதே இடத்தில் மொபைல் எண் யாருடையது என்றும் பார்த்துவிடலாம். தவறாக இருந்தால் நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் சொல்லி அன்றே மாற்ற வேண்டும். 'வெப் செக்-இன் செய்யாவிட்டால் கவுன்ட்டரில் போர்டிங் பாஸுக்கு ரூ.200' என்று யாராவது பயமுறுத்தினால், அப்படி வசூலிக்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது.

விலைகளை ஒப்பிடுவதற்கு இடைத்தரகர் தளங்களும் கூகுள் ஃபிளைட்ஸும் நல்ல கருவிகள். எந்த நாளில், எந்த நிறுவனத்தில் மலிவு என்று அங்கே பார்த்துக்கொண்டு, பிறகு அந்த நிறுவனத்தின் ஆப்பைத் திறப்பதுதான் பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும்.

பணம் மாட்டிக்கொண்டால் முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் அமைச்சகத்தின் ஏர்சேவா ஆப். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். பெரிய டிராவல் தளங்கள் பலவற்றின் தலைமையகம் குருகிராமில் இருக்கிறது என்று தயங்க வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார்தாரர் தான் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்கு போடலாம். ரூ.5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. கையில் இருக்க வேண்டியது டிக்கெட், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட், அனுப்பிய மின்னஞ்சல்கள், கூடவே அந்த பில்.